கீசரில் தெர்மோஸ்டாட் மாற்றுதல்

கீசரில் தண்ணீர் குறித்த சூட்டை எட்டியதும் மின்சாரத்தைத் துண்டித்து, ஆறியதும் மறுபடி இணைப்பது தெர்மோஸ்டாட். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் போர்வெல் தண்ணீர்தான். அதன் உப்பு காயிலில் வெள்ளையாகப் படியப் படிய, பக்கத்துக் குழலில் செருகியிருக்கும் தெர்மோஸ்டாட்டும் தடுமாறும். தண்ணீர் சுடாவிட்டால் பொறுக்கலாம். கொதித்தும் நிற்காவிட்டால் அன்றே மாற்ற வேண்டும்.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. எம்.சி.பி.யையும் இறக்கி, டெஸ்டரால் பார்த்த பிறகே அடிமூடியைக் கழற்ற வேண்டும். ஒயர் வரிசையை முதலில் போனில் படமெடுப்பது நல்லது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். புதிய தெர்மோஸ்டாட் 16 ஆம்பியர் தாங்க வேண்டும், தண்டின் நீளமும் பழையதற்குப் பொருந்த வேண்டும். சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டைத் தவிர்த்து ஒயரை நேராக இணைப்பது உயிரோடு விளையாடுவது.