“பார்த்தாயா?” என்று கேட்டால் சொல்வார்கள்

எங்கள் காலனியில் நடக்கும் மாலை நேரப் படிப்பு மையத்தில் ஒருநாள், “பள்ளிக்கூடத்தில் யாராவது அடி வாங்கினீர்களா?” என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. அடி வாங்கியதைச் சொன்னால் வீட்டில் இன்னொரு அடி விழும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கேள்வியை மாற்றினேன். “இந்த வாரம் வகுப்பில் யாராவது அடி வாங்கியதைப் பார்த்தீர்களா?” உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படி மாற்றிக் கேட்கும் யோசனை என்னுடையதல்ல. ‘யங் லைவ்ஸ்’ என்ற ஆய்வைப் பற்றிப் படித்தபோது கற்றுக்கொண்டது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு எத்தியோப்பியா, இந்தியா, பெரு, வியட்நாம் ஆகிய 4 நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்தும் ஆய்வு அது. 2002-ல் தொடங்கி சுமார் 12,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து வருகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 3,000 பேர் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்துப் பிள்ளைகள். படிவத்தை நிரப்பிவிட்டு ஜீப் ஏறிப் போய்விடும் வேலை இல்லை இது. ஒரு வயதில் பார்த்த குழந்தையை 5, 8, 12, 15 வயதுகளிலும் தேடிப்போய்ப் பார்த்தார்கள். குடும்பம் இடம் பெயர்ந்திருந்தால் அங்கேயும் போனார்கள்.

கடந்த ஒரு வாரத்தில் ஆசிரியர் மாணவரை அடித்ததைப் பார்த்தாயா என்று 8 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். இந்தியாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ‘ஆம்’ என்றார்கள். பெருவிலும் வியட்நாமிலும் பாதிக்கு மேல். அடி அதிகம் விழுவது ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் என்பதும் தெரிந்தது. அடியாத மாடு படியாது என்று இன்னும் சொல்பவர்களுக்கு ஒரு செய்தி: பெருவில் 8 வயதில் அடி வாங்கிய பிள்ளைகள் 12 வயதில் கணக்கில் பின்தங்கியிருந்தார்கள்.

அந்தக் கேள்வி கேட்கப்பட்ட காலத்தில்தான், 2009-ல், கல்வி உரிமைச் சட்டம் வந்தது. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் அதன் 17-வது பிரிவு தடை செய்கிறது. அதற்கு 2 ஆண்டு முன்பு, 2007-ல், ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் யுனிசெஃப், சேவ் த சில்ட்ரன், பிரயாஸ் அமைப்புகளோடு சேர்ந்து நடத்திய ஆய்வு வெளியானது. 12,447 பிள்ளைகளிடம் பேசினார்கள். மூவரில் இருவர் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளானவர்கள். 13 மாநிலங்களில் நடந்த அந்த ஆய்வில் தமிழ்நாடு இல்லை.

மையத்துக்கே திரும்பி வருகிறேன். பேச்சு ஓய்ந்த பிறகு ஒரு பையன் மெதுவாகச் சொன்னான். “அண்ணே, ஊர்ப் பிள்ளைங்கள கையால அடிப்பாங்க. எங்கள குச்சியாலதான் அடிப்பாங்க.” குறையாகக்கூட அவன் சொல்லவில்லை, வழக்கம் இது என்பது போலச் சொன்னான். அடி எத்தனை என்று எண்ணும் படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கை படாமல் விழும் அடிக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று தெரிந்த ஆள் ஆய்வுக் குழுவில் இருந்தால்தான் அந்தக் கேள்வியே படிவத்துக்குள் வரும். காலனியிலிருந்து சமூகப்பணி, சமூகவியல் படிக்கப் போயிருக்கும் தம்பி தங்கைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். களப்பணிக்குப் போகும்போது ஒன்றை மறக்க வேண்டாம். பாலியல் கொடுமை பற்றி ஒரு பிள்ளை வாய் திறந்து சொல்லிவிட்டால், ரகசியம் காப்பதாகச் சொல்லி அதை நோட்டோடு மூடிவைக்க முடியாது. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். இதைப் பேசத் தொடங்கும் முன்பே பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும்.

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை அவர் வீட்டுக்குள் புகுந்து சக மாணவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதற்குச் சில நாள் முன்பே அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். நன்றாகப் படிக்கிற பிள்ளை ஏன் வரவில்லை என்பதற்கான பதில் வருகைப் பதிவேட்டில் இருக்காது. பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்குவது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது எனப் பல பரிந்துரைகள் அதில் இருக்கின்றன. நல்லவைதான். ஆனால் குழுவின் வேலை அறிக்கையோடு முடிந்துவிடும். அதே பிள்ளைகளை 4 ஆண்டு கழித்து யார் போய்ப் பார்ப்பது?

குச்சியைப் பற்றிச் சொன்ன பையன் இப்போது 5-ம் வகுப்பு. அடுத்த ஆண்டு பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறான். பெயரை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அரையாண்டு விடுமுறையில் அவன் மையத்துக்கு வரும்போது மறுபடியும் கேட்க வேண்டும். மையத்துச் சுவரில் 1098, 14417 இரண்டு எண்களையும் பெரிதாக எழுதும் வேலையை அதற்குள் முடித்தாக வேண்டும், பெயின்ட் வாங்கியாகிவிட்டது.