மூட்டைக்குள் ஒரு முகவரி
குப்பை போகும் பாதை - 7

விளப்பில் ஊராட்சி, தன் எல்லைக்குள் விளப்பில்சாலையில் இருந்த திருவனந்தபுரம் மாநகராட்சியின் குப்பை ஆலைக்கு 2011 டிசம்பர் 21-இல் பூட்டுப் போட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அடுத்த பிப்ரவரியில் போலீஸ் காவலோடு குப்பை லாரிகள் வந்தன. ஊரே சாலையில் இறங்கி மறித்தது. லாரிகள் வந்த வழியே திரும்பின. ஓர் ஊராட்சி, தலைநகரத்தையே பணிய வைத்த கதையாக அதை அந்தப் பக்கம் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். நியாயமான பெருமைதான். ஆனால் திரும்பிப் போன லாரி எங்கே கொட்டியது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

ஒரு பகுதிக்கு நல்ல விடை கிடைத்தது. மட்கும் குப்பையை வீட்டிலும் வார்டிலும் உரமாக்கும் தொட்டிகள் வந்தன. பின்னாளில் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களைக் கொண்ட ஹரித கர்ம சேனை வீடுவீடாக வந்து, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை மாதக் கட்டணத்துக்கு வாங்கிப் போகத் தொடங்கியது. மருத்துவமனை, ஓட்டல், அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவற்றின் மொத்தக் குப்பைதான் தனியார் ஒப்பந்தக்காரர் கைக்குப் போனது. எடுத்துப் போகும்வரை பார்ப்பார்கள். அப்புறம் எங்கே போகிறது என்று விசாரிக்கிற பழக்கம் கொடுத்தவருக்கும் இல்லை, எடுத்தவருக்கும் இல்லை.

2024 டிசம்பரில் திருநெல்வேலி நகரத்துக்கு மேற்கே நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர் பக்கம் மூட்டை மூட்டையாகக் குப்பை கிடந்தது. தாமிரபரணி ஓடுகிற ஊர்ப்புறம் அது. கிளறிப் பார்த்தால் மருந்துப் பாட்டில், ஊசி, கையுறை. அவற்றோடு காகிதங்களும் இருந்தன. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் பெயர் அச்சிட்டவை. நோயாளிகளின் விவரம் எழுதியவை. எங்கோ படுக்கையில் கிடக்கும் ஒருவரின் பெயரும் நோயும் மலைக்கு இந்தப் பக்கம் ஆடு மேய்கிற இடத்தில் கிடந்தன. குப்பையைவிட எனக்கு இதுதான் அதிகம் உறுத்தியது.

ஆனால் வழக்கைத் தூக்கி நிறுத்தியதும் அந்தக் காகிதங்கள்தான். எல்லையோர ஊர்களில் கேரளக் கழிவு கிடப்பது புதுச் செய்தி அல்ல. களியக்காவிளை, புளியரை, வாளையார் பக்கத்து ஆட்கள் ஆண்டுக்கணக்கில் லாரிகளை மறித்து வருகிறார்கள். பெரும்பாலும் ஓட்டுநர் மேல் ஒரு வழக்கு, ஓர் அபராதம், அதோடு முடிந்துவிடும். இந்த முறை மூட்டையே எங்கிருந்து வந்தேன் என்று சொல்லிவிட்டது. படங்கள் பரவின, ஊர் மக்கள் கொதித்தார்கள், காவல்துறை வழக்குப் பதிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு விஷயத்தைக் கையில் எடுத்து, மூன்று நாளுக்குள் கேரளமே வந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்றது. டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து இறங்கினார்கள். கொட்டிய மாநிலமே வந்து வாரிக்கொண்டு போவது நம் நாட்டில் அடிக்கடி காணக் கிடைக்காத காட்சி.

மருத்துவக் கழிவுக்கு 2016-இன் விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்க வேண்டும். பைக்குப் பார்கோடு ஒட்ட வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பொதுவாக 75 கிலோமீட்டருக்குள் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். பை வார்டுக்குள் இருக்கும்வரை விதிக்கு உயிர் இருக்கிறது. ஊசியும் பஞ்சும் சாதாரணக் குப்பை மூட்டைக்குள் நழுவிவிட்டால் பார்கோடும் கிடையாது, 48 மணி நேரமும் கிடையாது. அப்புறம் அது வெறும் லோடு. ஆகவே மூட்டையைக் கண்டதும் தீ வைத்துவிடாதீர்கள். கோபத்தில் பல ஊர்களில் நடப்பது அதுதான். புகையோடு சாட்சியும் போய்விடும். பை நிறம், பார்கோடு, பில், லாரி எண், நிலத்தின் சர்வே எண் எல்லாவற்றையும் வெறுங்கை படாமல் படம் எடுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலர், காவல் நிலையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று மூவருக்கும் எழுத்தில் கொடுங்கள்.

இனி நமக்குக் கசக்கிற பகுதி. குப்பை தானாக மலை ஏறி வருவதில்லை. இங்கிருந்து ஜல்லி, எம்-சாண்ட், காய்கறி ஏற்றிப் போகிற லாரி வெறுமனே திரும்பினால் டீசல் நஷ்டம். திரும்புகையில் எதையாவது ஏற்றினால் கையில் காசு. அந்தக் காசைப் பேசி முடிக்க ஒரு தரகர் வேண்டும், இறக்க ஓர் இடம் வேண்டும். நெல்லை வழக்கில் முதலில் கைதானவர்களே உள்ளூர்க்காரர்கள். ‘கேரளாக்காரன் கொட்டிட்டான்’ என்று கத்துவது சுலபம். ‘நம்ம ஊர்ல இறக்கச் சொன்னது யாரு’ என்று கிராம சபையில் எழுந்து கேட்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். அந்த ஆள் பக்கத்துத் தெருவாகவோ, தலைவருக்கு வேண்டியவராகவோ இருப்பார்.

தமிழக அரசு 2025-இல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, மருத்துவக் கழிவைக் கொட்டுவோரையும் அதற்குள் கொண்டுவந்தது. ஓராண்டு வரை விசாரணையின்றி உள்ளே வைக்கலாம். பயம் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே போகப்போவது யார்? ஸ்டியரிங் பிடித்தவரும் மண்வெட்டி பிடித்தவரும். அடிமாட்டு விலைக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட மருத்துவமனை நிர்வாகத்தை அந்தச் சட்டம் தொடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேரளமோ, குப்பை கொட்டுவதைப் படம் எடுத்து அனுப்புவோருக்கு அபராதத்தில் ஒரு பங்கைச் சன்மானமாகத் தருகிறது. நம் எல்லையோர ஊராட்சிகளும் ஒரு தீர்மானம் போட்டு இதைச் செய்து பார்க்கலாம்.

கோழிக் கழிவு லாரிகளின் கணக்கு வேறு. அது அடுத்த வாரம்.