டர்போ போய்விட்டது, ஆள் வந்துவிட்டார்

நாமக்கல்லில் முட்டை ஏற்றிய லாரி ஒன்று வாளையாறு தாண்டி, பாலக்காட்டுக்குப் போகும் வழியில் நின்றுபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளைக்கு முன்புதான் உங்கள் கடையில் புது டர்போ வாங்கிப் போட்டிருந்தார்கள். முதலில் விசில் மாதிரி சத்தம், அப்புறம் இழுவை இல்லை, கடைசியில் சைலன்சரில் நீலப் புகை. இரண்டாம் நாள் காலையில் வண்டி முதலாளி, கழற்றிய டர்போவை உங்கள் கவுண்டர் மேல் டொக்கென்று வைக்கிறார். "என்னத்தைங்க வித்தீங்க? பத்து நாள் தாங்கலையே!"

டீசல் உதிரிபாகக் கடைக்காரருக்கு இது புது அனுபவம் இல்லை. ஆனாலும் முதல் பத்து நிமிடத்தில்தான் பெரும்பாலான கடைக்காரர்கள் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வண்டி முதலாளியின் மண்டையில் ஓடும் கணக்கைப் பாருங்கள். போன வாடகை, முட்டையை மாற்றி ஏற்ற வந்த இன்னொரு வண்டிக்கு வாடகை, உடைந்த முட்டைக்குப் பார்ட்டி பிடித்துக்கொண்ட பணம், பாலக்காட்டு மெக்கானிக்கின் கூலி, மாதம் பிறந்தால் கட்டவேண்டிய ஃபைனான்ஸ் தவணை. டர்போ விலை அதில் ஒரு வரி. நீங்களோ அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேச ஆரம்பிக்கிறீர்கள். அவருக்குக் கோபம் இன்னும் ஏறுகிறது. அதனால் முதல் கேள்வி வண்டியைப் பற்றி இருக்கட்டும்: "வண்டி இப்ப எங்கீங்க நிக்குது? லோடு இறங்கிருச்சுங்களா?" லோடு இன்னும் இறங்கவில்லை என்றால், தெரிந்த வண்டிக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கொடுங்கள். கியாரண்டி பேச்சு அதற்கப்புறம்.

அவரைக் கவுண்டரில் நிற்க வைத்துப் பேசவேண்டாம். மற்ற வாடிக்கையாளர்கள் பார்க்கிற இடத்தில் யாரும் குரலை இறக்கமாட்டார்கள், நீங்களும் சேர்த்து. உள்ளே உட்கார வைத்து, ஒரு நோட்டை எடுத்து அவர் சொல்வதை எழுதுங்கள். எப்போது மாட்டினார்கள், யார் மாட்டினார், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, சத்தம் முதலில் வந்ததா புகை முதலில் வந்ததா, ஆயில் எப்போது மாற்றினார்கள். கம்பெனிக்கு வாரண்டி கோரி அனுப்பும்போது பெரும்பாலும் இதே விவரங்களைத்தான் கேட்பார்கள். எழுதுவதைப் பார்க்கும் மனிதர் கொஞ்சம் நிதானமாகிறார் என்பது கூடுதல் லாபம்.

அந்த நேரத்தில் இரண்டு வாக்கியங்கள் நாக்கின் நுனியில் நிற்கும். "மாட்டத் தெரியாமல் மாட்டியிருப்பாங்க" என்பது ஒன்று. "விடுங்க, புதுசு தந்துடறேன்" என்பது இன்னொன்று. இரண்டையும் விழுங்கிவிடுங்கள். பாகத்தைப் பார்க்காமல் முதலாவதைச் சொன்னால் பழியைத் தட்டிக்கழிக்கிறீர்கள். இரண்டாவது பெருந்தன்மை மாதிரி தெரியும். ஆனால் காரணம் தெரியாமல் புது டர்போ போட்டால் அதுவும் அதே ரோட்டில் அதே மாதிரி போகும். அப்போது அவருக்கு வரும் கோபத்துக்கு உங்களிடம் பதிலே இருக்காது.

டர்போவில் ஒரு வசதி உண்டு. அது ஏன் செத்தது என்பது பெரும்பாலும் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு பக்கச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை, சின்ன டர்போ என்றால் அதற்கும் மேலே. இந்த வேகத்தில் ஷாஃப்ட் பேரிங்கில் உராயாமல் மிதப்பது மெல்லிய ஆயில் படலத்தின் மேல். சில விநாடி ஆயில் வரவில்லை என்றாலே போதும்.

ஷாஃப்ட் கருநீலம் பாரித்திருந்தால் ஆயில் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஆயில் பைப்பில் கரி அடைத்திருக்கலாம். பேக்கிங்குக்குத் தடவிய பேஸ்ட் பிதுங்கி உள்ளே போய் ஓட்டையை மூடியிருக்கலாம். கேஸ்கெட் இருக்கும் இடத்தில் பேஸ்ட் தடவுவது நம் பட்டறைகளில் விடாத பழக்கம். டர்போ ஆயில் வழியில் அது கூடவே கூடாது. ஆயில் வந்தும் அழுக்காக வந்திருந்தால் பேரிங்கைச் சுற்றிக் கோடு கோடாகக் கீறல் தெரியும். பழைய டர்போ உடைந்தபோது கலந்த இரும்புத்தூள், ஆயிலும் பில்டரும் மாற்றாததால் அங்கேயே சுற்றியிருக்கும். காற்றுப் பக்கச் சக்கரத்தின் இறகு முனை சிதைந்திருந்தால் ஹோஸ் வழியாக நட்டோ வாஷரோ துணியோ போயிருக்கிறது. புகைப் பக்கத்தில் அதே சிதைவு என்றால் எஞ்சினைப் பாருங்கள். வால்வு, ரிங் துண்டு ஏதாவது வெளியே வந்திருக்கும். ஷாஃப்ட்டில் ஆட்டமே இல்லை, ஆனால் ஆயில் ஒழுகுகிறது என்றால் ஆயில் திரும்பும் பைப் அடைப்பு அல்லது எஞ்சினில் அடிக்கும் பேக் கம்ப்ரஷன். எத்தனை டர்போ மாற்றினாலும் ஒழுகும். இது எதுவுமே இல்லாமல், ஆயில் வழி சுத்தமாக இருந்தும் பேரிங் போயிருக்கிறது என்றால், பாகத்தின் மேல் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. அதையும் அவர் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே ஹோஸ் சேரும் வாயில் டார்ச் அடித்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஷாஃப்ட்டை அவர் விரலாலேயே ஆட்டிப் பார்க்கட்டும். ஆனால் கியாரண்டிக்கு அனுப்பப் போகிற டர்போவை முழுதாகப் பிரிக்காதீர்கள். கடையில் பிரித்ததைக் காரணம் காட்டியே கம்பெனி மறுத்துவிடக்கூடும். நம்பர் பிளேட்டோடு நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அவருக்கும் அனுப்பிவிட்டு, கட்டி வையுங்கள். அனுப்பினால் ரசீது. எப்போது பதில் வரும் என்று ஒரு தேதி சொல்லுங்கள். அன்றைக்குப் பதில் வராவிட்டாலும் நீங்களே கூப்பிட்டு அதைச் சொல்லுங்கள்.

கஷ்டமான இடம் மெக்கானிக். பல கடைகளுக்கு வாடிக்கையாளரைக் கூட்டிவருவதே அவர்தான். தப்பு அவருடையது என்று தெரிந்தாலும் கடைக்காரர் பூசி மெழுகுவார். என் அபிப்பிராயம், மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பாகத்தின் முன்னால் நிற்கவேண்டும். பேஸ்ட் அடைத்த ஓட்டையைப் பார்த்த பிறகு அனுபவமுள்ள மெக்கானிக் வாதாடமாட்டார். கூலியை விட்டுக்கொடுப்பார், நீங்கள் விலையில் கொஞ்சம் இறங்குவீர்கள், காரியம் முடியும். தப்பு உங்களுடையது என்றால் (அதே எஞ்சினுக்கு பிஎஸ்-3, பிஎஸ்-4 என்று டர்போ மாறுவதைக் கவனிக்காமல் எடுத்துக் கொடுத்தது போல) பேரம் எதற்கு? மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

"விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லில் அச்சடித்திருப்பதை நம்பி உட்காராதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் விற்பதும் அப்படியே. வணிகத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மை. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கினால் அந்த விலக்கு பொருந்தாது. ஒற்றை வண்டியை வைத்துத் தானே ஓட்டுகிறவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி இருக்கிறது, இரண்டு வருடம் அவகாசமும் இருக்கிறது.

வந்தவர் கையை ஓங்கினாலோ, கடைப் பையன்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினாலோ பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். "நாளைக்கு வாங்க, பேசலாம்" போதும்.

இரண்டாவது டர்போ மாட்டும்போது கடையிலிருந்து ஒருவர் கூடப் போவது நல்லது. ஆயில் பைப் புதுசு, ஆயிலும் பில்டரும் புதுசு, ஹோஸ் உள்ளே சுத்தம். ஆயில் ஓட்டையில் ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, எஞ்சின் பிடிக்காதபடி செல்ஃப் அடித்து ஆயிலை ஏற்றிய பிறகுதான் ஸ்டார்ட். அப்போதும் சில நிமிடம் ஐடிலில் ஓடட்டும், யாரும் ஆக்சிலேட்டரை மிதிக்கவேண்டாம். மலை ஏறி வந்து வண்டியை நிறுத்தினால் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் ஆஃப் பண்ணவேண்டும் என்பதை முதலாளியிடம் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள், டிரைவரிடம் சொல்லுங்கள்.