மொட்டை நோட்டீஸும் முல்லைப் பெரியாறும்

உத்தமபாளையம் பக்கம் விடிகாலையில் டீக்கடை ஷட்டரைத் தூக்கினால் சில நாள் நாலாக மடித்த ரோஸ் தாள் கிடக்கும். தலைவருக்கு வலதுகையாக இருப்பவர் யார் யாரிடம் என்ன வாங்கினார் என்று அதில் கணக்கு இருக்கும். கீழே ‘இவண், ஊர்ப் பொதுமக்கள்’. அச்சகத்தின் பெயர் இருக்காது. வடையைப் பிய்த்தபடி எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “யாருப்பா போட்டது?”

எழுதியது நிசமா என்று ஒருவரும் கேட்பதில்லை. என் ஆதங்கமே அதுதான்.

‘யார் போட்டது’ என்ற கேள்வி மலைக்கு அந்தப் பக்கமும் பழசு. 1882-ல் திருவிதாங்கூர் திவான் ராமய்யங்கார். மெட்ராஸிலிருந்து மன்னர் விசாகம் திருநாளே விரும்பி அழைத்து வந்தவர். அவர் ஆட்சியைக் குறை சொல்லிப் பத்திரிகையில் பெயரில்லாக் கட்டுரைகள் வந்தன. எழுதிய மாணவர்களைத் தேடிப் பிடித்துத் திருவனந்தபுரம் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். அதில் ஒருவர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை. வயது 18. மெட்ராஸுக்குப் போய் பின்னாளில் ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்’ ஆசிரியரானார்.

நம் வாய்க்காலுக்கும் அந்தத் திவானுக்கும் தொடர்பு உண்டு. 1886 அக்டோபர் 29-ல் முல்லைப் பெரியாறு அணைக்காக மெட்ராஸ் அரசுக்கு 8,000 ஏக்கரை, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 999 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த பத்திரத்தில் சமஸ்தானத்தின் சார்பில் இருப்பது அவர் கையெழுத்து. கூடலூர் நெல்லும் சின்னமனூர் வாழையும் குடிப்பது அந்த அணைத் தண்ணீர்.

பெயர் போடாமல் எழுதுவது கோழைத்தனம் என்பார்கள். அவதூறுக்கும் அதுவே வழி, மறுக்கவில்லை. ஆனால் பெயர் போட்டவர்கள் என்ன ஆனார்கள்? 1891-ல் உள்ளூர்க்காரர்களுக்கு அரசு வேலை கேட்டு 10,028 பேர் கையெழுத்திட்டுத் திருவிதாங்கூர் மன்னரிடம் ‘மலையாளி மெமோரியல்’ என்ற மனுவைக் கொடுத்தார்கள், கேட்டது கிடைக்கவில்லை. 1910-ல் அப்போதைய திவானைத் தாக்கி எழுதிய ‘சுதேசாபிமானி’ பத்திரிகையின் அச்சகத்தைப் பறித்து, ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை எல்லை தாண்டித் திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டார்கள்.

இப்போது வாட்ஸ்அப் இருக்கிறதே என்பார்கள். அதில் போட்டவர் நம்பரும் கூடவே நிற்கும். அதனால்தான் இன்னமும் ரோஸ் தாள். அதிலும் தப்ப முடிகிறதா? டீக்கடைப் பெரியவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுசும் படித்தார். “ஒரு ஒற்றுப்பிழை இல்ல. வாத்தியார் எவனோதான்” என்றார். ரெண்டு பேர் உடனே தெற்குத் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.