உங்களுக்குத் தெரியுமா? சுரங்கம் பெற்ற பந்து

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஸ்பெயின் கால்பந்து என்று பேச்செடுத்தால் பார்சிலோனாவா, ரியல் மாட்ரிட்டா என்றுதான் பையன்கள் மல்லுக்கு நிற்பார்கள். தங்கவயலுக்கு உறவு சொல்லத் தகுந்த அணி இந்த இரண்டுமே இல்லை. அது ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியா மாநிலத்தில், உவெல்வா என்கிற துறைமுக நகரில் இருக்கிறது. நம்மைப் போலவே சுரங்கத்தால் வளர்ந்த பிள்ளை. அதன் கதையையும், கூடவே நம் மைசூர் மாநில அணியின் கதையையும் இந்த வாரம் படியுங்கள்.

● ஸ்பெயினில் இன்றுவரை ஆடிக்கொண்டிருக்கும் கால்பந்துக் கிளப்களில் மூத்தது ரெக்ரியாத்திவோ தெ உவெல்வா. பிறந்த தேதி 1889 டிசம்பர் 23. பார்சிலோனா கிளப் தொடங்கியது 1899இல், ரியல் மாட்ரிட் 1902இல். இரண்டுமே இதற்குத் தம்பிகள்.

● தொடங்கியவர்கள் பிரிட்டிஷ் கம்பெனிக்காரர்கள். 1873இல் ஸ்பெயின் அரசு கஜானா காலியாகி, ரியோ டின்டோ தாமிரச் சுரங்கங்களை லண்டன் முதலீட்டாளர்களுக்கு விற்றது. மலையிலிருந்து உவெல்வா துறைமுகம்வரை 84 கிலோமீட்டருக்குக் கம்பெனி ரயில் பாதை போட்டது. ஆற்று முகத்துவாரத்தில் கப்பலுக்குத் தாது ஏற்ற இரும்புத் துறைமேடை ஒன்றையும் கட்டியது. அந்த மேடையில் இன்று ஊர் மக்கள் மாலையில் காலாற நடக்கிறார்கள். அதே 1873இல்தான் லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய், கோலார் பக்கம் தோண்ட அனுமதி கேட்டு மைசூர் அரசுக்கு எழுதினார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

● கிளப்பை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஒரு டாக்டர். பெயர் வில்லியம் அலெக்சாண்டர் மெக்கே, ஸ்காட்லாந்துக்காரர், ரியோ டின்டோ கம்பெனியின் மருத்துவர். வேலை முடிந்தால் குடிக்கப் போகும் ஆட்களுக்கு உடற்பயிற்சி வேண்டும் என்பது அந்தக் காலத்து பிரிட்டிஷ் டாக்டர்களின் பொதுவான எண்ணம். கிரிக்கெட், டென்னிஸ், கால்பந்து மூன்றுக்கும் சேர்த்துத்தான் கிளப் தொடங்கினார்கள். ஸ்பெயின் மக்கள் பிடித்துக்கொண்டது கால்பந்தை மட்டும். நம்மிடமோ ஹாக்கி, கால்பந்து இரண்டுமே ஊன்றிக்கொண்டன.

● ரியோ டின்டோ மலையில் இங்கிலீஷ்காரர்களுக்கென்று தனிக் குடியிருப்பு இருந்தது. பெயா விஸ்தா என்று பெயர். மதிற்சுவர், காவல், தேவாலயம், கிளப், டென்னிஸ் மைதானம் எல்லாம் உள்ளே. ஸ்பானியத் தொழிலாளிக்கு உள்ளே இடமில்லை. தங்கவயலில் உரிகத்து பங்களாக்களையும், நம் முன்னோர் இருந்த தட்டி வீடுகளையும் பிறகு வந்த லைன் வீடுகளையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடிய ஆட்டத்தை இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களின் பிள்ளைகள்தான் பின்னால் அதைத் தங்கள் ஆட்டமாக்கினார்கள். கால்பந்தைக் கம்பெனி கொடுத்தது என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. கம்பெனி கொண்டுவந்தது. எடுத்துக்கொண்டது தொழிலாளி.

● அந்த மலையில் நடந்த இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தாதுவைத் திறந்தவெளியில் குவித்து எரித்ததால் கிளம்பிய கந்தகப் புகையில் பயிர் கருகியது, மக்களுக்கு மூச்சு முட்டியது. 1888 பிப்ரவரி 4 அன்று சுரங்கத் தொழிலாளரும் விவசாயிகளும் ஒன்றாகத் திரண்டு கேள்வி கேட்டார்கள். ராணுவம் சுட்டது. அரசுக் கணக்கில் 13 பேர் பலி. உண்மை எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்றே அந்த ஊர் நம்புகிறது. கிளப் பிறந்தது அடுத்த ஆண்டு. இங்கேயும் 1930இல், கைரேகை எடுக்கக் கம்பெனி கட்டாயப்படுத்தியபோது, தங்கவயல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி எழுந்து நின்றார்கள். விளையாட்டு வரலாற்றில் இவற்றை எழுதாமல் விட்டால், யார் ஆடினார்கள் என்பதே விட்டுப்போகும்.

● ஸ்பெயினில் இரண்டு கிளப்கள் முறையான விதிகளோடு மோதிய முதல் ஆட்டம் 1890 மார்ச் 8 அன்று செவியா நகரில் நடந்தது. இடம் தப்லாதா குதிரைப் பந்தய மைதானம். செவியா கிளப் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எதிரணி தேடி உவெல்வாவுக்குக் கடிதம் போட்டது அவர்கள்தான். 2–0 என்று ஜெயித்ததும் அவர்கள்தான். மூத்தவன் முதல் ஆட்டத்திலேயே தோற்றான்! இரண்டு பக்கமும் ஏறக்குறைய எல்லாரும் பிரிட்டிஷ்காரர்கள். விரல் விட்டு எண்ணும்படிதான் ஸ்பானியர்.

● நம் ஊருக்கு நேரடித் தொடர்பு இதோ. 1880இல் கோலார் தங்கவயலுக்கு வந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனி, அதற்குப் பல்லாண்டுகள் முன்பே அதே அந்தலூசியாவில் லினாரெஸ் என்ற ஊரின் ஈயச் சுரங்கங்களை நடத்திக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்க வேலை தெரிந்த ஆட்கள் அங்கேயும் போனார்கள், இங்கேயும் வந்தார்கள். நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஷாஃப்ட் இறக்கிய கைவேலைக்கும் லினாரெஸுக்கும் ஒரே பள்ளிக்கூடம்.

● வடக்கே பாஸ்க் பகுதியின் பில்பாவோவிலும் இதே கதைதான், தாது மட்டும் வேறு. அங்கே இரும்பு. பிரிட்டிஷ் மாலுமிகளும் கப்பல் பட்டறைக்காரர்களும் ஆடிய ஆட்டத்தையும், இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய உள்ளூர் மாணவர்களின் ஆர்வத்தையும் ஒட்டி 1898இல் முளைத்தது அத்லெடிக் பில்பாவோ. பாஸ்க் பகுதியில் பிறந்தவர் அல்லது அங்கே ஆட்டம் கற்றவர் மட்டுமே இந்த அணியில் ஆடலாம். நூறாண்டுக்கு மேலாக இந்தக் கட்டுப்பாட்டோடு ஆடியும் முதல் டிவிஷனிலிருந்து அவர்கள் ஒருமுறைகூட இறங்கியதில்லை.

● அத்லெடிக் பில்பாவோவின் சிவப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டை இங்கிலாந்தின் சௌதாம்ப்டனிலிருந்து வந்தது. 1909இல் பிளாக்பர்ன் அணியின் நீலச் சட்டை வாங்கப் போனவருக்கு அது கிடைக்கவில்லை. கப்பலேறும் துறைமுகத்தில் கிடைத்ததை வாங்கி வந்தார்.

● மாநிலத்துக்கு மாநிலம் மோதும் சந்தோஷ் டிராபி 1941இல் இந்தியாவில் தொடங்கியது. அதற்கு 26 ஆண்டுகள் முன்பே, 1915இல், ஸ்பெயினில் பிராந்திய அணிகளுக்கென்று அஸ்தூரியாஸ் இளவரசர் கோப்பை வந்துவிட்டது. முதல் கோப்பையை பாஸ்க் ஆட்டக்காரர்கள் நிறைந்த வடக்கு அணி வென்றது.

● பிராந்திய அணிகளின் வரலாற்றில் என் மனதைவிட்டு அகலாதது 1937. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். பாஸ்க் அரசு தன் சிறந்த ஆட்டக்காரர்களைத் திரட்டி, தங்கள் மக்களின் நிலைமையை உலகுக்குச் சொல்லவும் அகதிகளுக்குப் பணம் திரட்டவும் வெளிநாடு அனுப்பியது. ஏப்ரல் 26 அன்று பாரிஸில் அந்த அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியது. அதே நாளில்தான் அவர்களின் கெர்னிகா ஊரை ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசி அழித்தன. பிறகு ஐரோப்பா, சோவியத் யூனியன் என்று ஆடி, கடல் கடந்து மெக்சிகோ போனார்கள். 1938–39 பருவத்தில் மெக்சிகோ லீக்கில் ஒரு கிளப்பாகவே சேர்ந்து ஆடி இரண்டாம் இடம் பிடித்தார்கள். லாங்காரா போன்ற நட்சத்திரங்கள் உட்படப் பலர் போர் முடிந்தும் ஊர் திரும்ப முடியாமல் பல ஆண்டுகள் அமெரிக்கக் கண்டத்திலேயே தங்கினார்கள். சொந்த மண் கைவிட்டுப் போனபின் அதன் பெயரைச் சட்டையில் தாங்கி ஆடிய அணி அது.

● இப்போது நம் பக்கம். பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பை நெடுங்காலம் பிரிட்டிஷ் ராணுவ அணிகளின் கையில்தான் இருந்தது. அதைப் பறித்த முதல் இந்திய அணி கொல்கத்தாவிலிருந்து போகவில்லை, பெங்களூரிலிருந்து போனது. பெங்களூர் முஸ்லிம்ஸ் கிளப், 1937இல். மறு ஆண்டும் அவர்களே வென்றார்கள்.

● 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் கால்பந்து கோலை அடித்தவர் மைசூர் அணி வீரர். பெங்களூர்க்காரர், பெயர் சாரங்கபாணி ராமன். எதிரணி பிரான்ஸ். நம்மவர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் போடாமல் ஆடினார்கள். இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்டு 1–2 என்று தோற்றோம். ராமனின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் விழிக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய பெயர் அது.

● மைசூர் அணி சந்தோஷ் டிராபியை 4 முறை வென்றது: 1946–47, 1952–53, 1967–68, 1968–69. நான்கு இறுதி ஆட்டங்களிலும் வீழ்ந்தது ஒரே அணி, அந்த நாளின் யானை பலம் கொண்ட வங்காளம்!

● சந்தோஷ் டிராபி என்ற பெயரில் மகிழ்ச்சிக்கு வேலையில்லை. சந்தோஷ் ஒரு ஜமீன். இன்றைய வங்கதேசத்தின் தாங்கைல் பகுதியில் இருந்தது. அதன் ராஜா மன்மதநாத் ராய் சௌத்ரி நினைவாக வைத்த கோப்பை.

● திரும்ப உவெல்வாவுக்கு. ரெக்ரியாத்திவோவின் பொற்காலம் குறுகியது. 2003இல் ஸ்பெயின் மன்னர் கோப்பையின் இறுதிவரை போய் மயோர்க்காவிடம் 3–0 என்று தோற்றது, அதே பருவத்தில் முதல் டிவிஷனிலிருந்தும் இறங்கியது. மறுபடி ஏறிவந்தபின் 2006 டிசம்பர் 20 அன்று ஆடிய ஆட்டத்தைப் பற்றி மட்டும் அந்த ஊர் இன்றும் தாழ்ந்த குரலில்தான் பேசும். மாட்ரிட்டில் ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 3–0 என்று வீழ்த்தினார்கள். அந்த ஆட்டத்தைப் பார்க்கப் பஸ்ஸில் புறப்பட்ட உவெல்வா ரசிகர்கள் சிலர் வழியில் விபத்தில் இறந்துபோயிருந்தார்கள். வெற்றியை வீரர்கள் அவர்களுக்கே சமர்ப்பித்தார்கள். அந்த அணியில் ஆடிய இளைஞர் சாந்தி காசோர்லா, பின்னாளில் ஸ்பெயினுக்காக இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் வென்றவர்.

● தங்கவயலில் கடைசி ஷிஃப்ட் 2001 பிப்ரவரி 28. ரியோ டின்டோ சுரங்கமும் தாமிர விலை சரிந்து அதே 2001இல்தான் மூடப்பட்டது! வேறுபாடு இது: அங்கே 2015இல் வேறொரு கம்பெனி மறுபடி தாது எடுக்கத் தொடங்கியது. நம் ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறிக் கிடக்கிறது. சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய ஆழம், நினைக்கவே மலைப்பாக இருக்கிறது.

● உலகப் பெரும் சுரங்க நிறுவனமான ரியோ டின்டோவின் பெயர் அந்தச் சுரங்கப் பக்கம் ஓடும் ஸ்பானிய ஆற்றின் பெயர்தான். அந்தச் சுரங்கம் நிறுவனத்தின் கையைவிட்டுப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

● கிளப்பை யார் காப்பாற்றியது? ஊர். கடனில் மூழ்கி ரெக்ரியாத்திவோ கலையும் நிலைக்கு வந்தபோது ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள், 2016இல் உவெல்வா நகராட்சியே கிளப்பைக் கையகப்படுத்தியது. 2021இல் ஐந்தாம் தட்டுவரை சறுக்கியது. அப்போதும் கலையவில்லை, அடுத்தடுத்து இரண்டு படி ஏறியது. கம்பெனி போன பின்னும் அணியைத் தன் சொத்தாக ஒரு நகராட்சி எழுதிவைத்துக்கொண்டதைப் படிக்கும்போது பொறாமையாகவே இருக்கிறது. நமக்கும் மைன்ஸ் அணிகள் இருந்தன. நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் என்று மைன் பெயரைச் சொல்லித்தான் ஆளையே அடையாளம் காட்டுவோம். இன்றும் பையன்கள் ஆடுகிறார்கள். காற்றடிக்கும் மாதங்களில் தாதுக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் வெள்ளைத் தூசி மைதானத்தை மூடும்போது ஆட்டத்தை நிறுத்தி, சட்டையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு, தூசி அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

● மைசூர் மாநிலம் 1973 நவம்பர் 1 அன்று கர்நாடகா ஆனது. அந்தப் பெயரில் சந்தோஷ் டிராபி வர அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 மார்ச் 4 அன்று சவூதி அரேபியாவின் ரியாத் நகரில், மேகாலயாவை 3–2 என்று வென்று 54 ஆண்டுக்குப் பின் கோப்பை நம் மாநிலத்துக்கு வந்தது. சந்தோஷ் டிராபியின் இறுதி ஆட்டம் வெளிநாட்டில் நடந்ததும் அதுவே முதல் முறை.

● கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் மைன்ஸ் அணியின் குரூப் போட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். தாத்தாவோ பெரியப்பாவோ அந்த வரிசையில் நிற்கக்கூடும். வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கும்போதே, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டு, எந்த மைன், எந்த ஆண்டு, எந்த மைதானம் என்பதோடு போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.