அரிசி மாவில் தேயிலை வளையப் பணியாரம்

கோதுமை எமது நாட்டில் விளையும் பயிரல்ல. 2022ஆம் ஆண்டில் அதன் மா அரிதாகி விலை வெகுவாக ஏறியபோது, பாணும் பணிசும் பல வீடுகளில் இல்லாமற் போயின. வயலை விட்டு இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கும் அரிசி, மரவள்ளி, தேயிலை ஆகியவை ஓரளவு எட்டக்கூடியவை. இவற்றைக் கொண்டு, பிள்ளைகள் கடையில் கண்டு கேட்கும் டோனட் போன்ற பணியாரத்தைப் போறணை இல்லாமலே நாம் செய்துகொள்ளலாம்.

அரிசி மா ஏன் உதிர்கிறது?

கோதுமை மாவைப் பிசையும்போது அதிலுள்ள புரதம் இழுபட்டு மாவைப் பிடித்து வைக்கிறது. அரிசியில் அந்தப் புரதம் இல்லை. எனவே பச்சைத் தண்ணீரில் குழைத்துச் சுட்டால் அது வெடித்து உதிரும். ஆனால் அரிசி மாவைக் கொதிநீரில் வேகவைத்தால் அதன் மாச்சத்து வீங்கிப் பசையாகிறது. மோதகத்துக்குக் கொதிநீர் விட்டு மாக் குழைப்பதன் காரணமும் இதுவே. இங்கே கொதிநீருக்குப் பதிலாகக் கொதிக்கும் தேயிலைச் சாயத்தை விடுகிறோம். பிடிப்பும் மணமும் ஒன்றாகவே கிடைக்கின்றன.

மெல்லும்போது இழுபடும் தன்மையைத் தருவது மரவள்ளி மா. ஜப்பானில் 2003இல் அறிமுகமான, எட்டு உருண்டைகள் ஒட்டிய வளைய டோனட்டிலும் மரவள்ளி மாவே சேர்க்கப்பட்டது.

தேவையானவை

வறுக்காத பச்சையரிசி மா 1½ கோப்பை
மரவள்ளி மா ½ கோப்பை
சீனி ⅓ கோப்பை
தேயிலைத் தூள் 3 தேக்கரண்டி
தண்ணீர் 1 கோப்பை
பேக்கிங் பவுடர் 1½ தேக்கரண்டி
தேங்காயெண்ணெய் 2 மேசைக்கரண்டி
உப்பு, கட்டித் தேங்காய்ப்பால் சிறிதளவு

மரவள்ளி மா எடுக்கும் முறை

ஒரு கிலோ கிழங்கைத் தோல் நீக்கித் துருவி, தண்ணீர் விட்டுத் துணியில் பிழியவும். பிழிந்த நீரை மூன்று நான்கு மணித்தியாலம் தெளியவிட்டு, மேல்நீரை ஊற்றிவிடவும். மறுபடியும் நீர் விட்டுக் கழுவித் தெளியவைத்து, அடியிற் படிந்த மாவை வெயிலில் உலர்த்தவும். மரவள்ளியில் நச்சுப் பொருள் இருப்பதால் கழுவிய நீரை ஆடுமாடுகளுக்கும் வைக்கக் கூடாது.

செய்முறை

1. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, தேயிலையைப் போட்டு 5 நிமிடம் மூடிவைத்து வடிக்கவும். அதிக நேரம் ஊறினால் துவர்க்கும்.

2. சாயத்தில் முக்கால் கோப்பையை மீண்டும் கொதிக்கவைத்து, அரைக் கோப்பை அரிசி மாவைத் தூவிக் கட்டிபடாமல் கிளறவும். களிபோல் திரண்டதும் இறக்கி, கைச்சூட்டுக்கு ஆறவிடவும்.

3. மற்றவற்றைச் சேர்த்துப் பிசையவும். மா வெடித்தால் தேங்காய்ப்பாலைக் கரண்டி கரண்டியாக விடவும். மோதக மாவின் பதம் போதுமானது.

4. பாக்களவு உருண்டைகளாக்கி, எண்ணெய் பூசிய வாழையிலைத் துண்டில் எட்டெட்டாக வட்டமாக ஒட்டவைக்கவும். ஏறத்தாழ 6 அல்லது 7 வளையங்கள் வரும்.

5. தடித்த பாத்திரத்தில் ஓர் அங்குலம் உலர்ந்த மணல் பரப்பி, மூடி, 10 நிமிடம் சூடாக்கவும். மணலில் மூன்று சிறு கற்களை வைத்து, அவற்றின்மேல் வளையங்கள் உள்ள தகரத் தட்டை வைத்து மூடவும். மூடியின் மேல் தணல் போடவும்.

6. 20 முதல் 25 நிமிடத்தில் வெந்துவிடும். ஈர்க்கினால் குத்தும்போது ஈரமா ஒட்டக் கூடாது. கோதுமைப் பண்டம்போல் அதிகம் சிவக்காது. நிறத்துக்காகக் காத்திருந்தால் காய்ந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

ஆறிய அரிசி மாச்சத்து மீண்டும் இறுகும். ஆகவே அன்றே உண்பது சிறந்தது. எஞ்சியதை மறுநாட் காலையில் நீத்துப்பெட்டியில் வைத்து அவித்தால் மீண்டும் மெதுமையாகும்.

தேயிலை, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைக் குறைக்கும். சிறுபிள்ளைகளுக்குச் செய்யும்போது சாயத்துக்குப் பதிலாக வெறும் கொதிநீரை விடலாம், பிடிப்புக் குறையாது.

அளந்து சமைக்கும் வீட்டில் ஒரு பிடி மா வீணாவதும் இழப்பே. முதன்முறை பாதி அளவில் செய்து, மாவின் பதத்தையும் தணலின் சூட்டையும் அறிந்துகொண்ட பின் முழு அளவிற் செய்யலாம்.