பனிமலைப் பிரயாணம் – 9: அரை நிமிஷத்தின் விலை

சென்ற வாரம், மனிதரை மலையுச்சிக்கு ஏற்றிச் செல்லும் கம்பி நாற்காலிகளைப் பற்றிச் சொல்லி நிறுத்தியிருந்தோம். ஏறியவர் இறங்கத்தானே வேண்டும்? இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வெள்ளை வெளியில் இஷ்டம்போல் வளைந்து நெளிந்து இறங்கி, அடிவாரத்து விடுதியில் சூடாக எதையாவது குடித்துவிட்டு, மறுபடியும் வரிசையில் போய் நின்றுகொள்கிறார்கள். ஆனால் அவர்களுக்குள்ளேயே ஒரு சிறு கூட்டம், யாரும் கேட்காமலும் எந்த நிர்ப்பந்தமும் இல்லாமலும், சிவப்பும் நீலமுமாக நட்டுவைத்த கம்பங்களுக்கு நடுவே புகுந்து, ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கை மிச்சம் பிடிப்பதற்காகத் தலைதெறிக்கச் சறுக்கி இறங்குகிறது. இவர்கள் ஒலிம்பிக் வீரர்கள் அல்லர். பல் வைத்தியர்கள், பள்ளி ஆசிரியைகள், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள், பத்து வயதுச் சிறுவர்கள். இந்த உல்லாசப் பந்தயக்காரர்களுக்கு அவர்களுடைய அரை நிமிஷம் என்ன விலையில் கிடைக்கிறது, அதை நடத்திக் கொடுப்பவர்கள் படும் பிரயாசை என்ன என்பதே இந்த வாரத்து விஷயம்.

பனிமலையில் கம்பங்களுக்கிடையே காலத்தை எதிர்த்து ஓடும் இந்த வழக்கத்துக்குத் தந்தை என்று ஒருவரைக் குறிப்பிட வேண்டுமானால் ஆர்னால்ட் லன் என்னும் ஆங்கிலேயரைத்தான் குறிப்பிட வேண்டும். அவர் 1888ஆம் வருஷம் பிறந்ததோ, பனி என்பதை மார்கழி விடியற்காலையில் புல்நுனியில் மட்டுமே கண்டறிந்த நம்முடைய சென்னைப் பட்டணத்தில். தகப்பனார் ஹென்றி லன், மெதடிஸ்ட் சபையின் மதப் பிரசாரத்துக்காக இந்தியாவுக்கு வந்து, வெகு சீக்கிரத்தில் ஊர் திரும்பி, பிற்பாடு ஆங்கிலேயக் கனவான்களைக் குளிர்காலத்தில் ஸ்விட்சர்லாந்துக்கு அழைத்துச் செல்லும் பிரயாண வியாபாரத்தில் பெரும் பொருள் கண்டவர். 1911 ஜனவரியில் மொன்டானா என்ற இடத்தில் மகன் நடத்திய இறக்கப் பந்தயத்துக்குக் கோப்பை அளித்த லார்டு ராபர்ட்ஸும் ஒரு காலத்தில் சென்னை ராணுவத்தின் பிரதம தளபதியாக இருந்தவர்தாம். இவையெல்லாம் தற்செயல், இதனால் நமக்குப் பெருமை ஒன்றும் இல்லை என்றாலும், சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1922இல் ம்யூரென் என்ற ஆல்ப்ஸ் கிராமத்தில் லன் கம்பங்களை நட்டு ஸ்லாலம் பந்தயத்தைப் புதுமுறையில் நடத்தினார். அதற்கு முன்னெல்லாம் ஒருவன் எவ்வளவு அழகாக வளைந்தான் என்று மத்தியஸ்தர்கள் அபிப்பிராயம் சொல்லிப் பரிசு கொடுப்பார்கள். லன் அழகை அடியோடு தள்ளிவிட்டுக் கடிகாரம் ஒன்றையே நீதிபதியாக வைத்தார். ஆறு வருஷம் கழித்து, 1928இல், அதே கிராமத்து ஆங்கிலேயச் சறுக்குச் சங்கத்தார் 17 பேர் ஷில்ட்ஹார்ன் சிகரத்துக்குச் சொந்தக் காலாலேயே ஏறி, அங்கிருந்து லௌட்டர்புருன்னென் பள்ளத்தாக்கு வரையில் போட்டியிட்டு இறங்கினார்கள். முதலாவதாக வந்தவருக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ‘இன்ஃபெர்னோ’ என்ற பெயரோடு இன்றும் நடந்துவரும் அந்தப் பந்தயம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளமானது; 1,850 பேருக்கு மேல் இடம் இல்லை என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். அந்த 17 பேருக்கு ஆன செலவை நினைத்துப் பாருங்கள். லிஃப்ட் இல்லை, டிக்கெட் இல்லை, பனியைச் சமன் செய்த பாதை இல்லை; மூச்சு ஒன்றுதான் மூலதனம். லிஃப்ட் வந்தபோது உழைப்பு குறைந்தது. அந்த உழைப்பின் ஸ்தானத்தில்தான் பணம் வந்து உட்கார்ந்தது.

அமெரிக்காவில் சங்கத்தில் சேராத சாமான்யனுக்கும் பந்தயத்தின் கதவைத் திறந்துவிட்டவர் ஜான் ஃப்ரை என்ற பத்திரிகாசிரியர். ‘ஸ்கீ’ என்ற சஞ்சிகையின் ஆசிரியராக இருந்த அவர், கோல்ஃப் ஆட்டத்தில் கற்றுக்குட்டியும் கைதேர்ந்தவனும் ஒரே மைதானத்தில் தங்கள் தரத்தை எண்ணால் ஒப்பிட்டுக்கொள்ள முடிகிறபோது, சறுக்குகிறவனுக்கு மட்டும் தான் எந்தத் தரம் என்று அறிய வழியில்லாமல் இருப்பானேன் என்று யோசித்தார். பிரான்ஸ் தேசத்தில் சறுக்குப் பயிற்சி ஆசிரியர்கள் தங்களுக்குள் மிக வேகமானவரின் காலத்தை அளவாக வைத்துச் சதவீதக் கணக்குப் போட்டு, ‘ஷாமுவா’ என்ற பதக்கம் கொடுத்துவந்த முறை அவருக்கு ஆதாரமாயிற்று. 1968இல் 8 மலைகளில், இரண்டாயிரத்துச் சொச்சம் பேரோடு ‘நாஸ்டார்’ என்ற பெயரில் அவருடைய ஏற்பாடு தொடங்கியது. 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் ஸ்லாலம் பந்தயத்தில் வெண்கலம் வென்ற ஜிம்மி ஹ்யூகாவை முதல் தேசிய அளவுகோலாக வைத்தார்கள்.

இதன் கணக்கு, நம்மூர்ப் பள்ளிக்கூடப் பையனும் போடக்கூடிய கணக்குத்தான். ஆனாலும் இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. தேசத்திலேயே முதல்தரமான ஓட்டக்காரருக்குப் பூஜ்யம் என்று வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மலையிலும் ஓர் உள்ளூர் நிபுணர் இருப்பார். அவரைப் பேஸ்செட்டர் என்கிறார்கள். பருவத் தொடக்கத்தில் அவர் தம்மைவிடச் சிறந்தவர்களோடு ஓடி, தாம் அந்தப் பூஜ்யத்துக்கு எத்தனை சதவீதம் பின்தங்கியவர் என்று முத்திரை பெற்றுக்கொண்டு வருகிறார். அவருடைய எண் 5 என்று வைத்துக்கொள்வோம். இன்று காலை அவர் கம்பங்களுக்கிடையே 21 விநாடியில் இறங்கினால், அந்த முதல்தர மனிதர் இங்கே இருந்திருந்தால் 20 விநாடியில் இறங்கியிருப்பார் என்று ஆகிறது. பிறகு நீங்கள் 25 விநாடியில் இறங்கினால் உங்கள் எண் 25. வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் வைத்து அந்த எண்ணுக்கு வெண்கலமோ வெள்ளியோ தங்கமோ பிளாட்டினமோ தருகிறார்கள். எழுபது வயதுப் பாட்டிக்குத் தங்கமும் இருபது வயதுப் பேரனுக்கு வெண்கலமும் கிடைத்து, பாட்டி அதை வருஷம் முழுதும் சொல்லிக்காட்டுவதற்கு இடம் தருகிற ஒரு பந்தயம் உலகத்தில் வேறு எத்தனை இருக்கிறது? வெர்மான்ட் மலையின் கடினமான பனியில் ஓடியவரும் கொலராடோவின் மிருதுவான பனியில் ஓடியவரும் நேரில் சந்திக்காமலே ஒருவரையொருவர் ஜெயிக்கலாம். இன்று பனி எப்படியிருந்தது என்ற சாக்குக்கு இடமே இல்லை; அதே பனியில்தான் பேஸ்செட்டரும் இறங்கியிருக்கிறார்.

இனி, இதை நடத்துகிறவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டும். நம் கல்யாணங்களில் தாலி கட்டுவது ஒரு நிமிஷம், பந்தலும் பந்தியும் ஒரு வாரத்து வேலை என்பதைப் போலத்தான் இந்த அரை நிமிஷமும். முதல் நாள் இரவே பெரிய சங்கிலிப் பட்டை வண்டிகள் அந்தச் சரிவைச் சீவிச் சமன் செய்துவிட்டுப் போக வேண்டும். இரவுக் குளிரில் பனி இறுகினால்தான் காலையில் கம்பம் நிற்கும். விடிந்ததும் பந்தயக் குழுவினர் நாலைந்து பேர், துளைக் கருவியும் கம்பக் கட்டுமாகச் சறுக்கி வந்து, சரிவின் போக்கைக் கண்ணால் அளந்து, ஒவ்வொரு வளைவுக்கும் துளையிட்டுக் கம்பம் நட்டு, துணி கட்டுகிறார்கள். பக்கத்திலே மரங்கள் இருந்தால் அவற்றுக்கு முன்னால் பாதுகாப்பு வலை கட்டியாக வேண்டும். உச்சியில் புறப்படும் இடத்தில் காலால் தள்ளித் திறக்கும் ஒரு கோல். அடியில் முடியும் இடத்தில் ஓர் ஒளிக்கற்றை. இரண்டையும் கடிகாரத்தோடு இணைக்கும் கம்பி அல்லது வானொலித் தொடர்பு. குளிரில் உயிரை விடுகிற மின்கலங்கள்.

இவ்வளவும் ஆன பிறகும் வேலை ஓய்வதில்லை. ஒரே வளைவில் ஐம்பது பேர் எஃகு விளிம்பால் கீறிவிட்டுப் போனால் அங்கே ஒரு வாய்க்கால் விழுந்துவிடும். ஐம்பத்தோராவது ஆள் ஓடுவது சரிவில் அல்ல, அந்த வாய்க்காலில். ஆகையால் குழுவினர் நடுநடுவே பக்கவாட்டில் சறுக்கிப் பனியைச் சரி செய்கிறார்கள். கம்பத்தையே இடம் மாற்றி நடுவதும் உண்டு. வசந்த காலத்தில் வெயில் ஏறிப் பனி குழைந்துவிட்டால் மேலே உப்பைத் தூவுகிறார்கள். உப்பு பட்ட பனி சிறிது கரையும்போது தன்னைச் சுற்றியிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்வதனால் அடியில் இருப்பது கெட்டிப்படுகிறது. அந்தக் கெட்டித்தன்மை சில மணி நேரந்தான் தாங்கும், அதற்குள் பந்தயத்தை முடித்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் ஓட்டம் ஒன்றுக்குச் சில டாலர்களே வாங்குகிறார்கள். நூறு ஓட்டம் நடந்தாலும் வசூல் சில நூறு டாலர். நாலைந்து பேருடைய கூலிக்கும், பொதுஜனங்களுக்கு மூடிவைத்த ஒரு சரிவுக்கும் அது எந்த மூலைக்கு? விளம்பரதாரரின் பெயர் எழுதிய துணிகள் முடியும் இடத்தில் படபடத்துக்கொண்டிருப்பதன் காரணம் இதுவே. மலைக்காரர்கள் இதை லாபத்துக்காக நடத்துகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பதக்கம் வாங்கிய சிறுவன் அடுத்த வருஷமும் தாய் தகப்பனை இழுத்துக்கொண்டு அதே மலைக்கு வருவான் என்ற நம்பிக்கையில்தான் நடத்துகிறார்கள். அந்த நம்பிக்கை தளர்ந்த இடங்களில் செலவைக் குறைக்க வேண்டிவரும்போது முதலில் கை வைக்கப்படுவது இதன்மேல்தான்.

ஓடுகிறவருடைய செலவோ வேறு ஜாதி. ஓட்டத்துக்குச் சில டாலர் என்றேன். ஆனால் அந்த ஓட்டத்தின் வாசலுக்கு லிஃப்டில் ஏறி வர வேண்டும். கொலராடோவின் வெய்ல் போன்ற பெரிய மலையில், முன்னேற்பாடு இல்லாமல் அன்றன்று ஜன்னலில் டிக்கெட் வாங்குகிறவருக்குக் கூட்ட நாட்களில் ஒரு நாளைக்கு 300 டாலருக்கு மேல் ஆகிறது. 2008இல் அந்த மலையை நடத்தும் கம்பெனி ‘எபிக்’ என்ற பருவ அட்டையை முதல் முதலாக விற்றபோது, பல மலைகளுக்கும் பருவம் முழுவதற்கும் செல்லுபடியாகும் அந்த அட்டையின் விலை 579 டாலர். அன்று ஒரு பருவத்தின் விலை, இன்று இரண்டு நாளைக்குப் போதவில்லை. அதே அட்டை இப்போது 1,000 டாலரை ஒட்டி விற்கிறது. ஆக, குளிர் வருமுன்பே பணத்தைக் கட்டி அட்டை வாங்கியவருக்கு மலிவும், நினைத்துக்கொண்டு ஒரு நாள் வருகிறவருக்குத் தண்டனையுமாக விலையை அமைத்திருக்கிறார்கள். வியாபாரிக்கு அதில் நியாயம் உண்டு: பனி பெய்யாவிட்டாலும் பணம் முன்கூட்டியே பெட்டிக்கு வந்துவிடுகிறது. பந்தயத்துக்கோ இது நல்லதல்ல. ஒரு நாள் ஓடிப் பார்க்கலாமே என்று வருகிற புதியவன் முந்நூறு டாலர் கொடுத்த பிறகு, அந்த நாளைக் கம்பங்களுக்கு நடுவே வரிசையில் நின்று கழிக்க இஷ்டப்படுவானா?

டென்வர் நகரத்திலிருந்து வெய்ல் ஏறக்குறைய 100 மைல். 11,000 அடிக்கு மேல் மலையைக் குடைந்து 1973இல் திறந்த ஐஸன்ஹோவர் சுரங்கப் பாதை வழியாகத்தான் போக வேண்டும். சனி ஞாயிறுகளில் நகரமே அந்த ஒரு துளைக்குள் நுழையப் பார்க்கிறது. அங்கே தங்குவதற்கு ஆகும் வாடகையைச் சொல்லி வாசகரைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை.

உபகரண விஷயத்தில் மட்டும் நல்ல சேதி உண்டு. நாஸ்டார் ஓட்டத்துக்கு வாடகைப் பலகையே போதும். ஆனால் ஒருவருக்கு இந்த மோகம் தலைக்கேறி, வயது வந்தோருக்கான ‘மாஸ்டர்ஸ்’ பந்தயங்களில் சேர்ந்துவிட்டால் கதை மாறுகிறது: உறுப்பினர் சந்தா, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிரவேசக் கட்டணம், உடலோடு ஒட்டிய உடுப்பு, 1,000 டாலரைத் தாண்டும் பந்தயப் பலகை ஜோடி, விளிம்பு தீட்டும் அரம், மெழுகு உருக்கும் இஸ்திரிப் பெட்டி. மெழுகில் ஒரு காலத்தில் ஃப்ளோரின் கலந்த தூள் வந்தது. சிறு டப்பி ஒன்றுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, ஒரே ஓட்டத்தில் தேய்த்துத் தீர்த்தவர்கள் உண்டு. உடலுக்கும் மண்ணுக்கும் கேடு என்று கண்டு, 2023–24 பருவத்திலிருந்து சர்வதேசச் சறுக்குச் சங்கம் தன் பந்தயங்களில் அதைத் தடை செய்துவிட்டது. பணக்காரரின் மெழுகு ஒழிந்ததில் ஏழைப் பந்தயக்காரருக்கு வந்த லாபம் சொற்பமல்ல.

ஆனால் பந்தயத்தின் உண்மையான வீடு இந்தப் பெரிய மலைகளில் இல்லை என்பது என் துணிபு. மினியாபொலிஸ் நகரத்தை ஒட்டி பக் ஹில் என்று ஒரு மேடு இருக்கிறது. மலை என்று சொல்வதற்கு நாக்கு கூசும், உயரம் சுமார் 300 அடிதான். ஏறுவதற்கு ஒரு கயிறு. பிடித்துக்கொண்டால் சிறிது நேரத்தில் மேலே இழுத்து விட்டுவிடும். மாலையில் விளக்கைப் போட்டுவிட்டு, உத்தியோகத்திலிருந்து நேரே வந்தவர்கள் கோஷ்டி கோஷ்டியாக ஓடுகிறார்கள். ஆஸ்திரியாவில் பிறந்த எரிக் ஸைலர் என்ற பயிற்சியாளர், ஏறும் நேரம் குறைவு, ஆகவே ஓடும் தடவை அதிகம் என்ற ஒரே தத்துவத்தை வைத்துக்கொண்டு, இந்த மேட்டில் குழந்தைகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அவர்களில் ஒருத்தி, 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் இறக்கப் பந்தயத்தில் தங்கம் வென்ற லிண்ட்ஸி வான். பிற்பாடு அவளும் குடும்பத்தோடு வெய்லுக்குத்தான் போனாள் என்பது மெய். பெரிய மலையின் அவசியம் பெரிய வீரருக்கு உண்டு. பல் வைத்தியருக்கு அது இல்லை.

வாசகர்களில் பலருக்கு மகனோ மகளோ அந்தக் குளிர் தேசத்தில் இருக்கக் கூடும். பேரப்பிள்ளை பனியில் பந்தயம் ஓட வேண்டும் என்று அடம் பிடித்தால், விடுமுறையில் பெரிய மலைக்கு விமானம் ஏற வேண்டாம் என்று எழுதுங்கள். வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சிறு மேட்டில் வார நாள் மாலைப் பந்தயத்துக்கு இலையுதிர் காலத்திலேயே பெயர் கொடுத்து, சீசன் அட்டையை விலை ஏறுமுன் வாங்கி, பலகையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும். தலைக்கவசத்தை மட்டும் புதிதாக, பிள்ளையின் தலைக்குச் சரியாக வைத்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.